பேரங்காடித் தள்ளுபடியும் ஆம்பூர்த் தோலும்

தள்ளுபடி விற்பனை என்பது ஒரு கடை தன் சரக்குக்குத் தானே குறித்த விலையை, குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட பொருள்களுக்கோ குறைத்து விற்கும் முறை ஆகும். ஆடைக்கும் காலணிக்கும் இம்முறையைப் பரவலாக்கியவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெருநகரங்களில் எழுந்த பேரங்காடிகளாகும். சென்னையில் மவுண்ட் ரோட்டில் இருந்த ஐரோப்பியக் கடைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அதே காலத்தில் சென்னைக்குச் சுமார் 180 கி.மீ. மேற்கே, பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூரும் அதைச் சுற்றிய ஊர்களும் தோலைப் பதனிட்டுக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. தோல் இங்கிருந்து போனது. காலணி அங்கிருந்து வந்தது. இன்று ஆம்பூரிலேயே காலணி உருவாகிறது. ஏற்றுமதியில் மிஞ்சியது உள்ளூர்க் கடையில் மலிவாக விற்கப்படுகிறது. இந்த மாற்றம் நிகழ ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

குறித்த விலையும் தள்ளுபடியும்

பேரம் பேசி வாங்கும் கடைவீதியில் தள்ளுபடி என்ற ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் விலை புதிதாகப் பிறந்தது. பொருளின் மீது விலையை எழுதி ஒட்டி, எல்லோருக்கும் ஒரே விலை என்று அறிவித்த பிறகே, அவ்விலையைக் குறைப்பது ஒரு செய்தியாக மாறியது. பாரிசில் 1852 முதல் அரிஸ்டிட் பூசிக்கோ வளர்த்தெடுத்த 'போன் மார்ஷே' கடை, குறித்த விலை, குறைந்த இலாபம், விரைந்த விற்பனை ஆகியவற்றை ஒன்றாக இணைத்தது. விற்பனை மந்தமான குளிர்காலத்தில் வெள்ளைத் துணிகளை மலிவாக விற்கும் வழக்கமும் அக்கடையோடு தொடர்புடையது.

இதை ஒரு கணக்காகவே ஆக்கியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் ஃபைலீன். அவருடைய கடையின் நிலவறையில் 1909-இல் தொடங்கிய மலிவு விற்பனைப் பிரிவில், ஒவ்வொரு பொருளிலும் அது வைக்கப்பட்ட தேதி குறிக்கப்பட்டது. 12 நாள்களில் விற்காவிட்டால் விலை 25 விழுக்காடு குறையும். மேலும் 6 நாள்களில் 50 விழுக்காடு. அடுத்த 6 நாள்களில் 75 விழுக்காடு. அதன் பிறகும் 6 நாள்கள் கிடந்தால் அறநிலையங்களுக்குக் கொடுக்கப்படும். காத்திருந்தால் விலை குறையும்; ஆனால் வேறொருவர் முந்திக்கொள்ளக்கூடும். வாங்குபவரின் ஆசையும் அச்சமும் சேர்ந்து சரக்கைத் தீர்த்தன. இலண்டனில் 1909-இல் திறக்கப்பட்ட செல்ஃபிரிட்ஜஸ் கடையும் சில ஆண்டுகளில் இத்தகைய நிலவறைப் பிரிவைத் தொடங்கியது.

காலணிக்குத் தள்ளுபடி துணியைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது. துணியை வேண்டிய அளவுக்கு வெட்டி விற்கலாம். காலணியோ ஒவ்வொரு வடிவிலும் பத்துக்கு மேற்பட்ட அளவுகளில் இருக்க வேண்டும். நடு அளவுகள் முதலில் விற்றுப்போகும். மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் தங்கிவிடும். அளவு உடைந்த இந்தச் சரக்கை முழு விலைக்கு விற்பது கடினம். சென்னை போன்ற ஈரக்காற்று நகரில் தோல் நாளாக நாளாகப் பூசணம் பிடிப்பதால், வைத்திருப்பதும் இழப்பே.

மவுண்ட் ரோட்டுக் கடைகள்

சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் 1863-இல் சார்லஸ் டியூரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகியோரால் தொடங்கப்பட்டது. யூஜின் ஓக்ஷாட் காலத்தில் அது பெரிதாக வளர்ந்து, 1890-களில் மவுண்ட் ரோட்டில் இந்தோ-சரசனிக் பாணியில் அமைந்த புகழ்பெற்ற கட்டடத்துக்கு மாறியது. ஸ்பென்சரின் முதன்மையான வாடிக்கையாளர்கள் உயர் அதிகாரிகளும் வசதி படைத்தோரும் ஆவர்.

சற்றுக் குறைந்த வருவாய் உள்ளவர்களை நோக்கி வந்தது ஒயிட்அவே லெய்ட்லா. இந்நிறுவனத்தை ராபர்ட் லெய்ட்லா 1882-இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னை, கொழும்பு, இரங்கூன், சிங்கப்பூர் எனக் கிழக்கு நாடுகளின் துறைமுக நகரங்களில் அதன் கிளைகள் பரவின. ஆயத்த ஆடை, தொப்பி, காலணி, வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றை இங்கிலாந்திலிருந்து மொத்தமாகத் தருவித்து விற்றது. விலைப்பட்டியல் அச்சிட்டு, அஞ்சல் வழியாகவும் அனுப்பியது. அக்கால ஐரோப்பியக் கடைகள் பலவற்றில் கணக்கில் எழுதிக் கடன் கொடுப்பது வழக்கம். ஒயிட்அவேயில் ரொக்கம் மட்டுமே. "வாங்கிய உடனே பணம்" என்ற பொருள் தரும்படி அதன் பெயரையே திரித்து ஆங்கிலேயர் கேலி பேசினர். கடன் இல்லாததால் வாராக்கடனும் இல்லை. அதனால் விலையைக் குறைக்க முடிந்தது. செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து நடத்திய மலிவு விற்பனைகள் இக்கடையின் அடையாளங்களில் ஒன்று.

மவுண்ட் ரோட்டில் இருந்த அதன் கட்டடம் பின்னாளில் 'விக்டரி ஹவுஸ்' என்ற பெயரில் சுதேசமித்திரன் நாளிதழின் இடமாயிற்று. அதன் பின் வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. ரொக்கத்துக்கு மட்டும் விற்ற கடை இருந்த இடத்துக்கு, தவணை முறை விற்பனையால் பெயர்பெற்ற நிறுவனம் வந்து சேர்ந்தது.

காலணியும் தகுதியும்

ஐரோப்பிய பாணிக் காலணி வெறும் அணிபொருளாக மட்டும் இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சியில் அதிகாரிகள் முன்னிலையில் இந்தியர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற மரபு இருந்தது. 1862-இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி என்ற மதிப்பீட்டாளர் காலணியைக் கழற்ற மறுத்தது பெரும் விவாதமாயிற்று. நகரத்தில் அலுவலகம் செல்லும் இந்தியருக்கு பூட்ஸ் ஓர் உரிமையின் குறியாக மாறிக்கொண்டிருந்தது.

கிராமத்தில் நிலை வேறு. ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருவில் தலித் மக்கள் செருப்பு அணிந்து நடக்கக் கூடாது என்ற தடை தமிழகத்தின் பல ஊர்களில் நிலவியது. இறந்த மாட்டின் தோலை உரித்து, ஊறவைத்து, பதனிடும் கடும் உழைப்பு அதே மக்களின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கும் அதைக் காலில் அணிந்தவர்களுக்கும் இடையிலான தொலைவை எந்தக் கடையின் விலைக்குறைப்பும் குறைக்கவில்லை.

ஆம்பூரிலிருந்து இலண்டனுக்கு

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோல் தொழில் வேரூன்றியதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆற்றுமணலைத் தோண்டினால் நீர் கிடைத்தது. சுற்றுப்புறத்தில் ஆவாரம்பட்டை கிடைத்தது. கடுக்காயும் சுண்ணாம்பும் எளிதில் வந்து சேர்ந்தன. 1856-இல் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்ட இருப்புப்பாதை, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. இதனால் தோல் எளிதாகச் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் டேனரிகளை நடத்தினர். தொழிலாளர்களில் தலித் மக்கள் பெருந்தொகையினர். சென்னையின் பெரியமேடு தோல் வணிகத்தின் மையமாக இருந்தது.

இங்கிருந்து சென்றது முழுமையாக முடிக்கப்பட்ட தோல் அன்று. ஆவாரம்பட்டையால் பதனிட்டு, கெடாமல் தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்த தோல் அது. இலண்டன் சந்தையில் அது 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் விற்றது. மெருகேற்றுவது, சாயமிடுவது, வெட்டித் தைப்பது ஆகிய, இலாபம் மிகுந்த வேலைகள் எல்லாம் அங்கே நடந்தன. தைத்து முடித்த காலணிகள் கப்பலில் திரும்பி வந்து மவுண்ட் ரோட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் அமர்ந்தன. அவற்றுள் எதில் பாலாற்றுத் தோல் இருந்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஆயினும் சென்னை மாகாணத் தோல் இங்கிலாந்தின் காலணித் தொழிலுக்கு முக்கிய மூலப்பொருளாக இருந்தது உறுதி. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படைவீரர்களின் பூட்ஸ் மேற்பகுதிக்கு இத்தோல் பெருமளவில் வாங்கப்பட்டது.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் சுல்ட்ஸ் குரோம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. அமெரிக்க ஆலைகள் இந்திய ஆட்டுத்தோலைப் பச்சையாகவே வாங்கத் தொடங்கியதால், சென்னை மாகாணப் பதனிடுவோருக்கு வேலை குறைந்தது. இதற்கு விடைதேடி, ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இல் அரசின் ஆதரவோடு சென்னையில் குரோம் முறைச் சோதனைகளைத் தொடங்கினார். செருப்பு, பூட்ஸ் ஆகியவற்றோடு, கவலை இறைக்கும் தோற்சால்களும் செய்து பார்க்கப்பட்டன. பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் லெதர் ஆலையால் அப்பகுதிக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் நிலைத்தது.

பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 1919-இல் 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசின் பகுதிகளில் பதனிடுவதற்காகச் செல்லும் தோலுக்கு அந்த வரியில் மூன்றில் இரு பங்கு திருப்பித் தரப்பட்டது. இந்தியத் தொழிலைக் காப்பது போலத் தோன்றிய சட்டத்துக்குள்ளேயே பேரரசின் தொழிலுக்கும் இடம் இருந்தது.

தோலிலிருந்து காலணிக்கு

விடுதலைக்குப் பிறகும் நிலை உடனே மாறவில்லை. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சீதாராமையா குழுவின் 1972-ஆம் ஆண்டுப் பரிந்துரையை அடுத்து, பச்சைத்தோல், அரைப்பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முடித்த தோலும் தோற்பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. டேனரி உரிமையாளர்கள் முதலில் காலணியின் மேற்பகுதியான 'அப்பர்' தைக்கவும், பின்னர் முழுக் காலணி செய்யவும் தொடங்கினர். ஆம்பூரில் பெரிய ஷூ கம்பெனிகள் எழுந்தன. தையல், ஒட்டு, சரிபார்ப்பு வேலைகளில் சுற்றுக் கிராமப் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். ஐரோப்பிய, அமெரிக்க வணிகப்பெயர்களைத் தாங்கிய காலணிகள் இங்கே உருவாயின.

ஆம்பூரின் மலிவுக் கடைகள்

ஏற்றுமதித் தொழிற்சாலையில் சரக்கு மிஞ்சுவது தவிர்க்க முடியாதது. தைக்கும்போது சில வீணாகும் என்பதால் ஆர்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே வெட்டுவர். வாங்கும் நிறுவனம் ஆர்டரை இரத்து செய்தால் அடுக்கடுக்காகத் தேங்கும். ஒப்புதலுக்குச் செய்த மாதிரிக் காலணிகள் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். சரிபார்ப்பில் விலக்கப்பட்டவை 'செகண்ட்ஸ்' அல்லது 'ரிஜெக்ட்' எனப்படும். இவையெல்லாம் மொத்தமாகக் கைமாறி, கடைவீதியிலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்திலும் உள்ள கடைகளுக்கு வருகின்றன. பிரியாணிக்காக ஊருக்குள் வண்டியைத் திருப்புவோர் ஒரு சோடி ஷூவும் வாங்கிச் செல்வது வழக்கமாகிவிட்டது.

விலக்கப்பட்ட காலணி எல்லாம் பயனற்றது அன்று. இடக்காலுக்கும் வலக்காலுக்கும் நிறம் இம்மியளவு வேறுபடுவது, மாட்டின் உடலில் இருந்த முட்கீறல் தோலில் தெரிவது, ஒரு தையல் விலகுவது போன்றவை தோற்றக் குறைகளே. சோல் சரியாக ஒட்டாதிருப்பதும் இரு கால்களும் அளவில் மாறுபடுவதும் உண்மையான குறைகள். நெடுநாள் கிடந்த பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, புதிதாகத் தோன்றினாலும் சில நாள் நடையில் பொடிந்துபோகக்கூடும். 'எக்ஸ்போர்ட்' என்ற பெயரில் விற்கப்படுபவை அனைத்தும் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டவை என்றும் கொள்ள முடியாது. உள்ளூர்ச் சந்தைக்காகச் சிறு பட்டறைகளில் தைத்தவையும் அவற்றோடு அடுக்கப்படுகின்றன.

பேரங்காடித் தள்ளுபடிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒயிட்அவேயின் மலிவு விற்பனை, கடைக்காரர் தாமே தருவித்த சரக்கைத் தீர்க்கும் வழி. ஆம்பூரின் மலிவு, வேறொரு நாட்டின் சந்தைக்காகச் செய்ததில் அந்தச் சந்தை வேண்டாம் என்று விட்டதை விற்கும் வழி. முதலாவதில் விலையைக் குறித்தவரே குறைத்தார். இரண்டாவதில் தரத்தையும் விலையையும் முடிவு செய்பவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

விலையில் சேராத செலவு

குரோம் முறை பரவியபோது டேனரிக் கழிவின் தன்மை மாறியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் சேர்ந்தது, விளைநிலங்கள் உவர்ந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிடப்பட்டது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொழில் நடத்துவதற்கான நிபந்தனையாயின.

சூழலியல் சட்ட நூல்களில் இத்தீர்ப்பு இன்றும் பாடமாக உள்ளது. காலணியின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. தோலின் விலை, தைப்பவரின் கூலி, கப்பல் கட்டணம், கடையின் இலாபம் ஆகியவை காலணியின் விலையில் எழுதப்படுகின்றன. கெட்டுப்போன கிணறு அந்தச் சீட்டில் எழுதப்படுவதில்லை. அச்செலவைப் பாலாற்றங்கரை உழவர்கள் நீண்டகாலம் சுமந்தனர். பாஸ்டனின் நிலவறையிலும் மவுண்ட் ரோட்டிலும் ஆம்பூர் நெடுஞ்சாலையிலும் மலிவு என்று அறிவிக்கப்பட்ட விலை, வாங்குபவர் கொடுத்த தொகையை மட்டுமே காட்டியது.