லாஸ்பேட்டையும் மழை வெள்ளமும்: புண் பராமரிப்பு கண்ட மாற்றம்

லாஸ்பேட்டை புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ளது. போரில் பாழடைந்த பாண்டிச்சேரியை 1765இல் ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்ற பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோன் பெயரால் இவ்வூர் அமைந்தது என்பர். வானூர்தி நிலையமும் தாகூர் கலைக் கல்லூரியும் இங்கு உள்ளன. அருகே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. தன் தொடக்கத்தை 1823இல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியில் காணும் இந்நிறுவனம், 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. லாஸ்பேட்டையின் பெரும்பகுதி மேட்டு நிலம். அங்கே பெய்யும் மழை பக்கத்திலுள்ள தாழ்வான நகர்களை நோக்கி ஓடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் பல மணி நேரம் நின்றது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 செ.மீ. மட்டுமே. கிருஷ்ணா நகரில் சில இடங்களில் ஏறத்தாழ 5 அடி உயரத்திற்கு நீர் நின்றது. மக்களை மீட்க இராணுவம் வந்தது.

ஒரு புயலை மட்டும் வைத்துப் பருவநிலை மாற்றத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியசு கூடினால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். வங்கக் கடலும் வெப்பமடைந்து வருகிறது. குறுகிய நேரத்தில் கொட்டும் பெருமழைக்கு இது வழி செய்கிறது.

வெள்ளச் செய்திகளில் இறந்தோர் எண்ணிக்கையும் பயிர்ச் சேதமும் வரும்; காலில் புண் உள்ளவர் என்ன ஆனார் என்பது வருவதில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியர் சொல்லும் முதல் அறிவுரை, 'நனைக்காதீர்கள்' என்பது. வீட்டுக்குள்ளேயே முழங்கால் அளவு நீர் நிற்கும்போது அதை எப்படிக் கடைப்பிடிப்பது? ஈரத்தில் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகிவிடும். கட்டு நழுவும், பசைப் பட்டை ஒட்டாது. விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அந்தச் சிறு வெடிப்பே கிருமிகளுக்கு வாசலாகும்.

புதுச்சேரி இதை யானைக்கால் நோயின் மூலம் முன்பே அறிந்திருந்தது. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே இங்கு இந்நோயைப் பரப்பியது. 1975இல் இந்நகரில் தொடங்கப்பட்ட கொசு முதலிய நோய்பரப்பிகளின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதும் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. கொசு குறைந்தாலும், முன்பே வீங்கிவிட்ட கால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, செருப்பணிந்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதே அதற்குரிய பராமரிப்பு. விலையுயர்ந்த மருந்தைவிட இந்த எளிய பழக்கமே காய்ச்சலும் வலியுமாக வரும் அழற்சியைத் தடுக்கிறது. மழைக்காலத்தில் அந்த அழற்சி அடிக்கடி வருவதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்தால், புண் வழியே எலிக்காய்ச்சல் தொற்றும். 2018 பெருவெள்ளத்தின்போது கேரள அரசு, நீரில் இறங்கிப் பணியாற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒரு முறை கொடுத்தது. அதிகம் பேசப்படாத மற்றொரு நோய் மெலியாய்டோசிஸ். மண்ணில் வாழும் இதன் கிருமியும் காயத்தின் வழியே நுழையும். சர்க்கரை நோயாளிகளையே பெரிதும் தாக்கும். பெருமழைக்குப் பின் வரும் ஆறாத புண்ணையும் நீங்காத காய்ச்சலையும் காசநோய் என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

நீர் வடிந்தாலும் தொல்லை தீருவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை தளர்ந்துவிடும். 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்கவேண்டிய இன்சுலின் இருப்பும் கேள்விக்குறியாகும். காற்று மெத்தை இல்லாத இடத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் பழைய முறையே கைகொடுக்கும்.

கோடையின் கதை வேறு. சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்துடன் மே மாத வெயிலில் தார்ச்சாலையிலோ மொட்டை மாடியிலோ வெறுங்காலுடன் நடப்பவருக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் எழுந்த பின்னரே தெரியும். வியர்வையால் கட்டு ஈரமாவதால் அதை அடிக்கடி மாற்ற நேரிடும்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட செவிலியர் கையேட்டின் முதல் அத்தியாயமே காற்றோட்டமும் வெப்பமும் பற்றியது. வானிலையைச் செவிலியர் கவனிப்பது புதிய வேலையன்று. மாறியிருப்பது முன்னேற்பாடுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், ஆறாத புண்ணோடும் வீங்கிய காலோடும் படுக்கையோடும் இருப்பவர்கள் எந்தத் தெருவில் உள்ளனர், அத்தெரு மேடா பள்ளமா என்ற பட்டியல் செவிலியர் கையில் இருந்தால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே அவர்களை மேட்டுக்கு மாற்றலாம். மாற்றுக் கட்டுத் துணி, காய்ச்சி ஆறிய நீர், டெட்டனஸ் ஊசி போட்ட நாள் குறித்த சீட்டு ஆகியவை ஒரு நெகிழிப் பைக்குள் அடங்கிவிடும்.