மொகலாயப் பாசறையிற் குளிர்நீர்

அரசர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் வரிசைப்படுத்துவதோடு வரலாற்றாய்வு நிறைவெய்திவிடுவதில்லை. அவர்கள் எதனை உண்டனர், எதனைப் பருகினர், அவற்றை யார் சுமந்து வந்தனர் என்னும் வினாக்களும் ஒரு சமுதாயத்தின் அமைப்பை விளக்க வல்லன. அவ்வகையில், வட இந்தியக் கோடையின் வெம்மையிற் பயணத்திலும் வேட்டையிலும் மொகலாய அரசவையினர் குடிநீரைக் குளிர்வித்த முறைகள் நோக்கற்பாலன.

அக்பர் (1556-1605) ஓரிடத்தில் நிலைத்திருந்து ஆண்டவரல்லர். ஆண்டின் பல மாதங்களை அவரது அரசவை கூடாரங்களிலேயே கழித்தது. அவரது அவை வரலாற்றாசிரியரான அபுல் பசல், தமது 'ஆயினி அக்பரி'யில் அரண்மனைக் குடிநீர்ப் பகுதியைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். அரசர் கங்கை நீரையே பருகினார். ஆக்ராவிலும் பதேபூரிலும் தங்கியிருந்தபோது சோரோனிலிருந்தும், பஞ்சாபில் தங்கியிருந்தபோது ஹரித்துவாரிலிருந்தும் முத்திரையிட்ட சாடிகளில் அந்நீர் வந்தது. பயணங்களிலும் வேட்டைகளிலும் நீரைச் சுவைத்துச் சோதிப்பதற்கு அநுபவம் வாய்ந்தோர் நியமிக்கப்பட்டனர்.

இந்நீரைக் குளிர்விக்க வெடியுப்பு பயன்பட்டது. ஒரு சேர் நீரை உலோகக் கூசாவில் ஊற்றி வாயை அடைப்பர். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் நீருடன் இரண்டரைச் சேர் வெடியுப்பைக் கலந்து, அதனுட் கூசாவைக் கால் மணி நேரம் சுழற்றுவர். வெடியுப்பு கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுமாதலால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். கரைசலை வற்றச்செய்து உப்பை மீண்டும் பெறலாம் என்பதும் இம்முறையின் சிறப்பாகும். பீரங்கிக்கு மருந்தாகும் பொருளே பாசறையிற் தாகமும் தணித்தது. இதனை அரசரின் கண்டுபிடிப்புப் போலவே அபுல் பசல் காட்டுகிறார். எனினும், 13ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உசைபியா இதனையொத்த முறையொன்றைக் குறிப்பிட்டுள்ளார். எனவே இந்நூலின் புகழுரைகளை அவ்வாறே ஏற்பது பொருந்தாது.

1586 அளவில் அரசவை பஞ்சாபுக்குப் பெயர்ந்தபின் மற்றொரு வழியும் திறந்தது. லாகூரிலிருந்து ஏறத்தாழ 45 குரோச தூரத்திலுள்ள வட மலைப் பகுதியிலிருந்து பனிக்கட்டி கொண்டுவரப்பட்டது. இப்பணியில் பத்து ஓடங்கள் ஈடுபட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு ஓடக்காரர் இருந்தனர். நாடோறும் ஓர் ஓடம் நகரையடைந்தது. வண்டி வழியில் 14 நிலைகளிற் குதிரைகள் மாற்றப்பட்டன. ஆட்கள் சுமந்துவருவதாயின் அந்த 14 நிலைகளுக்கும் 28 பேர் வேண்டியிருந்தனர். வண்டியில் வந்த பனிக்கட்டி குளிர்காலத்திற் சேருக்கு நான்கு செப்புக் காசுக்குக் குறைவாகவும், மழைக்காலத்தில் ஏறத்தாழ 15 காசாகவும் விழுந்தது.

கோடையிற் சகல தரத்தினரும் பனிக்கட்டியைப் பயன்படுத்தினர் என்றும், பிரபுக்கள் ஆண்டு முழுவதும் பயன்படுத்தினர் என்றும் அபுல் பசல் கூறுகிறார். இக்கூற்றை அவர் நூலிலுள்ள கணக்குகளைக் கொண்டே சோதிக்கலாம். அக்காலத்தில் 40 செப்புக் காசு கொண்டது ஒரு ரூபா. வணிகர் ஒரு ரூபாவுக்கு இரண்டு முதல் மூன்று சேர் பனிக்கட்டியே விற்றனர். ஆகவே ஒரு சேரின் விலை 13 முதல் 20 காசு வரையாகும். அதே நூல் சாதாரணத் தொழிலாளியின் நாட்கூலி இரண்டு காசு என்கிறது. ஒரு சேர் பனிக்கட்டிக்கு அவன் ஏழு முதல் பத்து நாள் வரை உழைத்திருக்க வேண்டும். மறுபுறம், மலைவாழ் மக்கள் 25 முதல் 30 சேர் கொண்ட குவியலை ஐந்து காசுக்கு விற்றனர். சேருக்குக் காற் காசும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வழியில் உருகி அழிந்ததும் போக்குவரத்துச் செலவும் இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாகலாம். ஆயினும் வணிகர் பெரும் இலாபம் ஈட்டினர் என்பதை அபுல் பசலே ஒப்புக்கொள்கிறார்.

வெடியுப்பின் நிலை சற்று வேறானது. ரூபாவுக்கு முக்கால் மணங்கு முதல் நான்கு மணங்கு வரை அது விற்றது. மணங்கொன்றுக்கு 40 சேராகக் கணக்கிடின், இரண்டரைச் சேருக்கு முக்காற் காசுக்குக் குறைவாகவோ, மூன்று காசுக்குச் சற்று மேலாகவோ செலவாகும். பனிக்கட்டியிலும் இது மலிவே. எனினும் கூலியாளுக்கு எளிதன்று.

1664இல் ஒளரங்கசீப் காசுமீரத்துக்குப் புறப்பட்டபோது உடன் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பேர்ணியரின் குறிப்புகள் இப்பாகுபாட்டை உறுதிசெய்கின்றன. உயர் தரத்தினர் நகரிலும் படையிலும் வெடியுப்பைப் பயன்படுத்தினர் என்கிறார் அவர். பயணத்தில், வெள்ளீயக் குடுவையை ஈரத்துணியாற் போர்த்திக் காற்றில் அசையவிடும் வழக்கமும் இருந்தது. ஈரம் ஆவியாகும்போது நீர் குளிரும். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் நடந்தவாறே குடுவையை அசைத்துவர ஓர் ஏவலாள் வேண்டும்.

இம்மூன்று முறைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, பயணத்திற் குளிர்நீர் என்பது இயற்கையறிவின் விளைவு மட்டுமன்று, பிறர் உழைப்பின் விளைவுமாகும் என்பது புலனாகின்றது. அபுல் பசல் ஓடக்காரரை எண்ணினார், சுமப்போரையும் எண்ணினார், அவர்களிடம் கைமாறிய பனிக்கட்டியின் விலையைக் காசளவில் எழுதிவைத்தார். அவர்கள் அந்நீரைப் பருகினரா என்பதை அவர் எழுதவில்லை. அவ்வினாவுக்கு விடை அவரது கூலிக் கணக்கிலேயே உள்ளது. அரசவை நூல்களைப் பயில்வோர் அவற்றின் புகழுரைகளோடு விலைப்பட்டியல்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.