தேசிய அணியும் தேசத்தின் எல்லையும்: மகளிர் ஹொக்கி வரலாறு குறித்த ஒரு மலையக நோக்கு

ஒரு நாட்டின் தேசிய அணி அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது என்பது பொதுக்கருத்து. ஆயின் அவ்வணியில் இடம்பெற்றோர் யாவர், இடம்பெறும் வாய்ப்பையே பெறாதோர் யாவர் என ஆராயுமிடத்து, அணியின் வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியலாக மட்டும் நில்லாது, தேசம் தன் மக்களுள் எவரைத் தன்னவராக ஏற்றது என்பதன் வரலாறாகவும் விரிவதைக் காணலாம். இந்திய மகளிர் ஹொக்கி அணியின் சர்வதேச வரலாற்றைத் தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் நிலையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளைகோற்பந்து எனத் தமிழில் வழங்கும் ஹொக்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியப் பெண்களிடையே பரவியது. ஆடவர் ஹொக்கி 1908ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மகளிர் ஹொக்கியோ 1980 வரை, அதாவது 72 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. பெண்கள் 1927இல் தமக்கெனத் தனிச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை நிறுவி விளையாட்டை வளர்த்தனர். 1982இலேயே அச்சம்மேளனம் ஆடவரை மையமாகக் கொண்டிருந்த சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்துடன் இணைந்தது.

சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின் முதலாவது மகளிர் உலகக் கிண்ணப் போட்டி 1974இல் பிரான்சின் மந்தலியூ நகரில் நடைபெற்றது. ஒல்லாந்து ஆர்ஜென்டீனாவை வென்று கிண்ணம் பெற்றது. இந்தியா நான்காம் இடத்தை எய்தியது. அதே 1974ஆம் ஆண்டிலேயே மலையக மக்கள் மறக்கவொண்ணாத பிறிதொரு நிகழ்ச்சியும் நடந்தேறியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்திருந்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்துகொள்வதென 1974இல் சிறிமாவோ - இந்திரா ஒப்பந்தம் முடிவு செய்தது. ஒரே ஆண்டில் சில பெண்கள் தம் நாட்டின் பெயரால் களமிறங்கினர். வேறு பல பெண்கள் எந்நாட்டவர் என்பது வெறும் எண்ணிக்கைக் கணக்கால் தீர்மானிக்கப்பட்டது. நாடற்றவளுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவளுக்குச் சர்வதேசக் களம் இல்லை. தோட்டத்துச் சிறுமியிடம் எத்துணை ஆற்றல் இருந்தபோதிலும், தேசிய அணியின் வாயில் அவளுக்குச் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டிருந்தது.

சட்டம் மட்டுமே தடையன்று என்பதை 1980ஆம் ஆண்டின் மொஸ்கோ ஒலிம்பிக் உணர்த்துகின்றது. சோவியத் ஒன்றியம் ஆப்கானிஸ்தானுள் படை நடத்தியதைக் கண்டித்துப் பல நாடுகள் விலகிக்கொள்ள, ஆறு அணிகளே மகளிர் ஹொக்கியில் மோதின. ரூபா சைனி தலைமையிலான இந்திய அணி ஒஸ்திரியாவையும் போலந்தையும் வென்று, சிம்பாப்வேயுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, நான்காம் இடம் பெற்றது. தங்கம் வென்றது சிம்பாப்வே. அந்நாடு சுதந்திரம் அடைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராக வாழ்ந்த அந்நாட்டின் அணியில் இடம்பெற்ற அனைவரும் வெள்ளையரே. கொடி மாறிற்று, மைதானங்களும் கழகங்களும் எவர் கையில் இருந்தனவோ அவர்கள் மாறவில்லை. ஆகவே குடியுரிமை வாயிலைத் திறக்கும் எனினும், வாயில்வரை செல்லும் பாதையை அமைப்பது வேறொன்று என்பது புலனாகின்றது.

இவ்வுண்மை மலையகத்தார்க்குப் புதிதன்று. திம்புள்ளைப் பள்ளத்தாக்கில் துரைமாரின் கழகத்திற்கு ராதெல்லவில் பரந்த புல்வெளி மைதானம் அமைந்தது. சரிவெல்லாம் தேயிலை நிறைந்த அந்நிலப்பரப்பில் சமதரை என்பது அரிய செல்வம். அச்செல்வம் முதலில் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவிற்கும் அவர்தம் விளையாட்டிற்கும் ஒதுக்கப்பட்டது. கொழுந்து கொய்து உலகச் சந்தைக்குத் தேயிலை வழங்கிய பெண்ணின் மகளுக்கு எஞ்சியது லயத்து வாசலே. பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திக் கொழுந்துக் கூடை சுமக்கச் சென்றவளுக்கு அவ்வாசலில் ஆடும் பொழுதும் எஞ்சவில்லை.

இந்நிலையோடு ஒப்பிடத்தக்கது இந்தியாவின் சோட்டாநாக்பூர்ப் பகுதி. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கண்டிச்சீமைக்குக் கொணரப்பட்ட அதே 19ஆம் நூற்றாண்டில், அப்பகுதியின் முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடியினர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தாய்மண்ணிலேயே தங்கியோரின் வழிவந்த பெண்கள் பலர் பிற்காலத்தில் தேசிய அணியை அலங்கரித்தனர். 2002இல் மான்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் சிம்டேகாவின் சும்ராய் டேட்டே ஆடினார். 36 ஆண்டுகளின் பின்னர் இந்திய மகளிர் அணி மீண்டும் ஒலிம்பிக்கில் கால்பதித்த 2016இல், குந்தி மாவட்டத்தின் நிக்கி பிரதான் இடம்பெற்றார். 2024இல் சிம்டேகாவின் சலீமா டேட்டே அணித் தலைவியானார்.

அவர்தம் வறுமை நம் வறுமையினும் குறைந்ததன்று. மரக்கிளையை வெட்டிக் கோலாக்கி ஆடிப் பழகியோரே பலர். எனினும் அங்கு கிராமந்தோறும் திடல் இருந்தது. கிறித்தவ மிசன் பள்ளிகள் ஹொக்கியைப் பேணின. ஆட்டுக்கடாவைப் பரிசாக வைத்துக் கிராமப் போட்டிகள் நிகழ்ந்தன. பின்னர் அரசின் உறைவிடப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. திறமை தானே முளைத்ததன்று. திடலும் பள்ளியும் அதை முளைப்பித்தன. 1976ஆம் ஆண்டின் மொன்றியல் ஒலிம்பிக்குடன் செயற்கைப் புல்தரை பரவியபின் மைதானத்தின் விலை மேலும் ஏறிவிட்டது. புல்தரையிலேனும் ஆடும் வாய்ப்பற்றோர் இன்னும் பின்தள்ளப்பட்டனர்.

அணியில் இடம்பெறுதலும் முழுமையான ஏற்பு ஆகிவிடாது. டோக்கியோ ஒலிம்பிக் நடைபெற்ற 2021இல் இந்திய அணி அவுஸ்திரேலியாவை 1-0 என வென்று அரையிறுதியை அடைந்து, ஈற்றில் நான்காம் இடம் பெற்றது. தென்னாபிரிக்காவிற்கெதிராக மூன்று கோல்கள் அடித்தவர் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அணி தோற்ற அன்று, அவரது இல்லத்தின் முன் சாதியைச் சொல்லி அவர் குடும்பத்தாரைச் சிலர் இழிவுபடுத்தினர் என்ற செய்தி நாட்டையே நாணவைத்தது. வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் சாதியின் மகள் எனும் மனப்பாங்கு அங்கு வெளிப்பட்டது.

இலங்கை மகளிர் அணி 2016ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, 2003ஆம் ஆண்டின் சட்டம் மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியிருந்தது. சட்டத்தின் தடை நீங்கிவிட்டது. சமதரையின் தடை நீங்கவேண்டும். தோட்டப் பாடசாலைக்கு ஒரு திடலும், ஒரு பயிற்றுநரும், பதினாறு வயதுக்கு மேலும் மாணவியைப் பள்ளியில் வைத்திருக்கும் வழியும் கோருவது சலுகை வேண்டுதலன்று. இந்நாட்டின் அணியை உண்மையாகவே தேசிய அணியாக்கும் முயற்சி அது. தலவாக்கலையின் ஒரு சிறுமி அவ்வணியில் ஆடினாலும் ஆடாவிட்டாலும், ஆட முயன்று பார்க்கும் உரிமையேனும் அவளுக்குக் கிட்டும் நாளிலேயே ‘தேசிய’ எனும் சொல் தன் முழுப்பொருளை எய்தும்.