ஸ்டீரியோ பெட்டி வந்த வழி

பெரம்பலூரும் அரியலூரும் தனி ஜில்லாக்களாகப் பிரிவதற்கு வெகுகாலம் முன்னே, திருச்சி ஜில்லாவின் வடபகுதியாக அவை இருந்த நாளில், 1939 மே 16-ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் பேசத் தொடங்கியபோது, அதைக் கேட்பதற்குரிய பெட்டி இப்பக்கத்துக் கிராமங்களில் செல்வர் வீட்டுக் கூடத்திலன்றி வேறெங்கும் இருக்க நியாயமில்லை. வால்வு சூடேறிய பின்னரே வாய் திறக்கும் அந்தப் பெட்டிக்கு, மின்சாரம் எட்டாத ஊர்களில் கனத்த பாட்டரிக் கட்டுகளைச் சுமந்துவந்து பூட்ட வேண்டும். போதாக்குறைக்கு, அதை வைத்திருப்பதற்கே 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் எடுத்து, வருஷந்தோறும் தபாலாபீசில் பணம் கட்டவும் வேண்டும். பாட்டுக் கேட்கச் சர்க்காரின் அனுமதி பெறும் இந்த விநோதம் 1980-களின் இடையில்தான் ஒழிந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், வால்வின் உஷ்ணத்தையும் பாரத்தையும் ஒருங்கே நீக்கி, வானொலியைக் கூடத்திலிருந்து பருத்திக் காட்டு வரப்புக்கு இறக்கிவிட்டது. இலங்கை வானொலியின் சினிமாப் பாடல்கள் சாமானிய ஜனங்களுக்கு நித்திய சுகமானதும் அதனால்தான்.

ஆயினும் வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே உடலாய் அமைந்து, இரு ஸ்பீக்கர்களில் பாடும் ஸ்டீரியோ ரிசீவர் கடைவீதி வழியாக அதிகம் வந்ததில்லை. லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்கள் விடுமுறைக்குத் திரும்புகையில் கொணர்ந்த சாமான்களோடு வந்த அந்நிய வஸ்து அது. அதன் முகப்பில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த எஃப்.எம். எண்களால் அந்நாளில் இங்கே யாதொரு பிரயோஜனமும் இல்லை, சென்னைக்கே எஃப்.எம். 1977-இல்தான் வந்தது. கேசட்டை இணைத்துப் பாட்டுக் கேட்டதே அதன் முழு உபயோகம் எனலாம்.

வந்த பெட்டிகளுக்கு முதல் கண்டம் மின்சாரம். சவூதியில் 127 வோல்ட்டுக்குத் திருப்பிவைத்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் அப்படியே சொருகியவர் புகையைத்தான் கண்டிருப்பார். அதற்குத் தப்பியவற்றைப் பிடிப்பது முதுமை: மின்சாரத்தைச் சமன்செய்யும் கண்டென்சர்கள் உள்ளே காய்ந்துபோக, பாட்டுக்கு அடியில் ஓயாத ரீங்காரம் ஒன்று தோன்றும், கரிசல் புழுதி புகுந்த வால்யூம் கண்ட்ரோல், திருகும்போதெல்லாம் கரகரக்கும், ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மௌனமானால், ஸ்பீக்கரைப் பழிக்குமுன் உள்ளே இருக்கும் ரிலேயின் முனைகளைத் துடைத்துப் பார்ப்பது விவேகம்.

இவை யாவும் சால்டரிங் அயர்னுக்கு அடங்கும் நோய்களே. அக்காலப் பெட்டிகளில் உறுப்புகள் தனித்தனியே, கண்ணுக்குத் தெரியும்படி, கழற்றி மாற்றத் தக்கவையாய் இருந்தமையால், ரேடியோ மெக்கானிக் என்ற தொழிலாளருக்குச் சிறுபட்டணங்களிலும் ஜீவனம் இருந்தது; பழுதானால் பலகையையே மாற்றச் சொல்லும் இன்றைய சாதனங்கள், என் அபிப்பிராயத்தில், அந்தத் தொழிலுக்கு இழைத்த அநீதி சாமானியமன்று.

உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி கிடந்தால், காயலான் கடைக்கு எடை போடவும் வேண்டாம், ஆசைப்பட்டு உடனே பிளக்கைச் சொருகவும் வேண்டாம். பின்புறத்து வோல்ட்டேஜ் சுவிட்சைப் பார்த்துவிட்டு, வயதில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், முதலில் சீரிஸ் பல்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; பல்ப் முழுப் பிரகாசத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், மங்கி அடங்கினால் பெட்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.