நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி

வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரி 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. நெய்வேலியில் கிடைப்பதோ அதைவிட மிக இளையது. கரையோரச் சதுப்புகளில் விழுந்த மரஞ்செடிகள் காற்றுப் படாமல் நீருக்கடியில் புதைந்து, முதலில் கரிமண்ணாகி, மேலே சேர்ந்த மணலின் அழுத்தத்தால் பழுப்பு நிலக்கரியாயின. முழுமையாக முற்றாததால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். எரித்தால் வெப்பம் குறைவு. தொலைவுக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. அதனால் சுரங்கத்தின் பக்கத்திலேயே மின் நிலையம் எழுந்தது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அந்தக் கரியை வெட்டியெடுக்க 1956இல் ஒரு நிறுவனம் பதிவாகி, 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

தோண்டுவதுதான் பெரும்பாடு. மேலே 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்கல்லும்; கரிப்படுகைக்குக் கீழே உயர் அழுத்த நிலத்தடி நீர். மேல்மண்ணை அகற்றினால் அந்நீர் சுரங்கத் தரையையே பிளந்துவிடும். எனவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தார்கள். இந்தியச் சுரங்கத் தொழிலின் அரிய சாதனை இது. ஆனால் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு நீர்மட்டம் தாழ்ந்த கவலையையும், நிலம் கொடுத்த கிராமங்களுக்கு ஆறாத இழப்பையும் சுரங்கம் தந்தது. இவற்றை விட்டுவிட்டு நெய்வேலி வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது.

1961இல் சுரங்கத்தில் கரிப்படுகை கண்ணில் பட்டது. சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 1970இல் 600 மெகாவாட்டை எட்டியது. அந்த முதல் நிலையம் 2020இல் மூடப்பட்டது.