அன்னபூரணியில் ஐவர்

வேலூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது விடுமுறையில் சென்னைக்குச் சென்று பார்த்து வரும் பொருள். நமக்கு வாய்த்தது பாலாறு. அதிலும் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு கடற்பயணம் பற்றி எழுதத் துணிந்தது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் சிலர் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்திற்குச் சென்றிருந்தோம். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் நினைவிடம் அது. 1816-இல் ஆங்கிலேயர் அவரைக் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னையில் இறக்கி, வேலூர்க் கோட்டையில் சிறைவைத்தனர். 1832-இல் அவர் இங்கேயே மறைந்தார். பேச்சு மெல்ல இலங்கைக் கப்பல்களின் பக்கம் திரும்பியது. ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் நம் நண்பர், "அமெரிக்கா வரை போன வல்வெட்டித்துறைக் கப்பலைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். அவர் கேள்விக்கு விடைதான் இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பெயர்பெற்ற ஊர். அவ்வூரார் தம் கப்பல்களில் தமிழகத்துத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் வணிகம் நடத்தி வந்தனர். அங்கு வேப்பமரத்தால் கட்டப்பட்டது அன்னபூரணி. நீளம் 89 அடி. இரு பாய்மரங்கள், அவற்றின் குறுக்குக் கட்டைகளில் சதுரப் பாய்கள் தொங்கும் 'பிரிக்' வகைக் கலம். சரக்குக் கப்பல்களின் வரிசையில் வைத்தால் சிறியது. பெருங்கடல் நடுவே வைத்தால் மிகச் சிறியது.

அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். 1934-இல் கலாபகோஸ் தீவுகளில் குடல்வால் அழற்சியால் சாகக் கிடந்து, அமெரிக்கக் கடற்படையால் காப்பாற்றப்பட்டவர். எங்கும் பாய்க்கப்பல்கள் மறைந்துகொண்டிருந்த அக்காலத்தில், கண்ணெதிரே உழைத்துக்கொண்டிருந்த ஒரு 'பிரிக்' இத்தகையவர் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பென்ன? வாங்கிய பின் மனைவியின் பெயரால் அதற்கு 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். நடுவிலுள்ள 'சி', கிரேன் என்ற அவ்வம்மையாரின் பிறந்த வீட்டுப் பெயர்.

1937-இல் கப்பல் இலங்கையை விட்டுப் புறப்பட்டது. கப்பலில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களுள் மூத்தவர். அரபிக்கடல், ஏடன், செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அட்லாண்டிக், பெர்முடா என்று நீண்ட அவ்வழி, நேராக அளந்தாலே ஏறத்தாழ 9,000 கடல் மைல் வரும். பாய்க்கப்பல் நேராகச் செல்வதில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்!

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'தமிழன் கட்டிய கப்பல் அமெரிக்கா சென்றது' என்ற பெருமிதத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். கப்பல் தானாகப் போய்விடவில்லையே! அதற்குள் அந்த ஐவரும் எப்படி வாழ்ந்திருப்பார்கள்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஜிப்ரால்டரிலிருந்து பெர்முடாவுக்கு ஏறத்தாழ 2,900 கடல் மைல். மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில், இரவு பகல் ஓயாது சென்றாலும் நாளைக்கு 96 மைல். முப்பது நாட்கள் ஆகிவிடும். காற்று ஓய்ந்தால் நாற்பது. கப்பல் தலைவரையும் சேர்த்து ஆறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர் என்று கொண்டால், நாற்பது நாட்களுக்கு 720 லிட்டர் வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் அவ்வளவே. குளிப்பதும் துணி அலசுவதும் உப்பு நீரில்தான். உப்பேறிய துணி முழுதாக உலர்வதே இல்லை. ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு உடலோடு ஒட்டி, தோலைப் புண்ணாக்கிவிடும். பச்சைத் தோலை உப்பிட்டுக் காக்கும் ஆம்பூர்க்காரர்களுக்கு உப்பின் குணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

உறக்கத்தின் கதையும் இதுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறுவது பாய்க்கப்பல் வழக்கம். ஐவரை இரண்டாகப் பிரித்தால் ஒரு முறைக்கு இருவரோ மூவரோதான். ஒருவர் சுக்கானைப் பிடித்தால் மற்றவர் பாயையும் கயிற்றையும் பார்க்க வேண்டும். திடீரென்று காற்று முற்றினால் உறங்குபவரையும் எழுப்பத்தான் வேண்டும். சதுரப் பாயைச் சுருட்ட வேண்டுமானால் பாய்மரத்தில் ஏறி, குறுக்குக் கட்டையின் கீழ்த் தொங்கும் கயிற்றில் கால் வைத்து, வயிற்றைக் கட்டையில் அழுத்திக்கொண்டு, நனைந்து விறைத்த துணியை இரு கைகளாலும் வாரி இழுக்க வேண்டும். இரவென்றும் மழையென்றும் பார்க்க முடியாது.

மரக்கப்பல் எதுவாயினும் கொஞ்சமேனும் கசியும். அடியில் தேங்கும் நீரைக் கைப்பம்பால் இறைப்பது அன்றாட வேலை. அக்காலப் பம்புகளின் உள்ளே நீரைத் தடுத்து ஏற்றும் அடைப்பான் தோலால் ஆனது. பாய்மரத்தில் கட்டை உராயும் இடங்களிலும் கொழுப்புத் தடவிய தோலைச் சுற்றுவர். இதைச் சொன்னபோது நம் ஆம்பூர் நண்பரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்றும் நம் கருத்தைக் கவர்ந்தது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. வல்வெட்டித்துறையில் அது பத்துப் பாகைக்கும் குறைவு. கடல்மட்டத்தை ஒட்டி, மங்கலாகத் தெரியும். ஜிப்ரால்டரில் 36 பாகை. பயணம் முடிந்த இடத்திலோ ஏறத்தாழ 43. பிறந்தது முதல் தாழ்வில் கண்டு பழகிய விண்மீன், மாதக்கணக்கில் மேலே மேலே ஏறுவதைச் சுக்கானைப் பிடித்தபடி பார்த்த அந்த ஐவருக்கும், ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறதென்று யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் கப்பல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. குளோஸ்டர் சாதாரண ஊரன்று. தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கலங்களில் அட்லாண்டிக்கில் மீன்பிடித்தவர்களின் ஊர். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வூரின் 'கெர்ட்ரூட் எல். தீபோ'வும் கனடாவின் 'புளூநோஸ்' கப்பலும் மோதிய புகழ்பெற்ற பந்தயம் அக்கடலில்தான் நடந்தது. வேம்பில் கட்டிய கலத்தின் தரத்தை எடைபோட அவர்களைவிடத் தகுந்தவர் யார்? செப்டம்பர் 21-இல் நியூ இங்கிலாந்தைப் பெரும் புயலொன்று சூறையாடியது. ஏழு வாரம் தாமதித்திருந்தால் இக்கதையே வேறாக இருந்திருக்கலாம்.

அதன்பின் வல்வெட்டித்துறைக்கு நல்ல காலம் நீடிக்கவில்லை. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பாய்க்கப்பல் வணிகம் தேய்ந்தது. பிறகு 2009 வரை நீண்ட போர் வந்தது. அவ்வூரார் மட்டும் இன்றுவரை அக்கப்பலை அன்னபூரணி என்றே சொல்கின்றனர்.

எழுதி முடித்ததை ஆம்பூர் நண்பருக்குப் படித்துக் காட்டினோம். பெயர் மாற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "எங்கள் ஊரில் பெண்கள் நாள் முழுதும் குனிந்து தைக்கிற காலணிக்குள் கடைசியாக ஒட்டுவது ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைத்தான். கப்பலுக்கும் அப்படித்தானா?" என்றார். ஆம் என்றோம். மேலே படிக்கச் சொன்னார்.