பக்கத்து சீட்டில் யார்?

கார் பந்தயம் என்றதும் ஓட்டியவர் பெயர்தான் நமக்கு ஞாபகம் வரும். அவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை யாரும் விசாரிப்பதில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தப் பக்கத்து சீட்டின் சரித்திரத்தையே எழுதலாமே என்று தோன்றியது. மெக்கானிக்கல் படித்தவன் வேறென்ன எழுதுவான்!

ஆரம்ப காலத்தில் பந்தய காரில் இரண்டு பேர் போவதுதான் வழக்கம். கூடப் போகும் மெக்கானிக்குக் கை நிறைய வேலை. பம்ப் அடித்து எண்ணெய் அழுத்தம் குறையாமல் பார்க்கணும், டயர் தேய்வதைக் கவனிக்கணும், பின்னால் யார் வருகிறார் என்று சொல்லணும். 1911-இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்துக்கு ரே ஹாரூன் தனியாக வந்தார். மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். பின்னால் பார்க்க ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டி, ஜெயித்தும் விட்டார். அதே பந்தயத்தில் வேறொரு காரில் போன சாம் டிக்சன் என்ற மெக்கானிக் உயிரிழந்தார். இருந்தும் அங்கே 1912 முதல் 1922 வரையும், மறுபடி 1930 முதல் 1937 வரையும் மெக்கானிக் கட்டாயம்.

ஐரோப்பாவில் 1924-இல் சான் செபாஸ்டியன் பந்தயத்தில் கெனெல்ம் லீ கின்னஸ் ஓட்டிய சன்பீம் கார் விபத்துக்குள்ளானது. ஓட்டியவர் பிழைத்தார், மெக்கானிக் டாம் பாரெட் இறந்தார். 1925 முதல் கிராண்ட் பிரீயில் மெக்கானிக் ஏறக்கூடாது என்றானது.

ஆனால் பக்கத்து சீட்டின் மதிப்பைக் காட்டியதும் ஒரு பந்தயம்தான். 1955 மே 1 அன்று இத்தாலியின் மில்லே மிக்லியாவில் ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் காரை ஓட்ட, பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில் இருந்தார். சுமார் 1,600 கி.மீ. பாதையின் வளைவுகளை எல்லாம் நீளமான காகிதச் சுருளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் சுருட்டிச் சுருட்டிப் படித்தார். இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் கைஜாடைதான். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் முடித்தார்கள். அதே பந்தயத்தில் 1957-இல் டி போர்ட்டாகோவின் ஃபெராரி சிதறியபோது, கூட இருந்த எட்மண்ட் நெல்சனும், வேடிக்கை பார்த்த 9 பேரும் அவரோடு மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

இன்று அமெரிக்காவில் அமெச்சூர் கார் கிளப்புகள் நிறைய. வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது ஒரு ஆட்டோகிராஸில் நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். காலி மைதானம், ஆரஞ்சு கூம்புகள், ஒரு நேரத்தில் ஒரு கார்தான். ஹெல்மெட் போட்டு, பெல்ட் கட்டி, கையெழுத்து வாங்கின பிறகுதான் ஏற விட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் பிரேக்கை எங்கே விடணும் என்று புத்தகத்தில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. போர்ஷே கிளப் மாதிரி சங்கங்களில் புதியவர் டிராக்கில் ஓட்டும்போது பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார். ஓட்டுபவருக்கு என்ன பெல்ட்டோ, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே பெல்ட் வேணும் என்பது அங்கே சட்டம்.

'எதற்கு வீணாக இன்னொரு உயிர்?' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 1,000 கிலோ காரில் 75 கிலோ ஆள் ஏறினால் எடை ஏழரை சதவீதம் கூடும். அதுவும் ஒரே பக்கத்தில். வேகம் 20 சதவீதம் கூடினாலோ இயக்க ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் கால் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தும் என்பது நமக்குத் தெரியாததா?

என் கட்சி இதுதான். கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் தாராளமாக ஏறட்டும். கைதட்ட மட்டும் ஒருவர் ஏறவேண்டாம். ஸ்டியரிங், பிரேக் எதுவும் கையில் இல்லாமல், ஓட்டுபவரை மட்டும் நம்பி உட்காருபவர் அவர்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் கார், பைக் நிகழ்ச்சிகள் நடத்துவீர்கள். 'மச்சி, ஏறுடா, ஒரு ரவுண்டு போலாம்' என்பது ரொம்ப சுலபம். ஏற்றுவதற்கு முன் ஹெல்மெட், பெல்ட், சம்மதம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த சீட் காலியாகவே போகட்டும்.